கீரைக்காரி இறங்கவில்லை

அன்றைக்கு அந்த மாடி வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலாளி என்று சொன்னால் யாரும் நம்பாதபடி வெறுங்காலோடு நடமாடிக்கொண்டிருந்த ஆதிரை ஒன்று. கேம் எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுகிற ஜோயல் இரண்டு. கேமில் வருகிற ஆட்களையும் மரங்களையும் வரைகிற முபீனா மூன்று. ஆடிப் பார்க்க வந்தவர்களில், காதில் ஹெட்போன் மாட்டியிருந்த கல்லூரிப் பெண் ஷைலஜா நான்கு. திருப்பூரிலிருந்து காலை ரயிலில் வந்த சென்னியப்பன் ஐந்து. அவருக்குத் துணையாக வந்த அவர் மனைவி வசந்தாமணி ஆறு. வர வேண்டிய ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் வரவில்லை, அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. படியில் படுத்திருந்த பூனையையும் சேர்க்கவில்லை. வாசலில் செருப்பு ஆறு ஜோடி, உள்ளே ஆள் ஆறு, சரி. ஆடிப் பார்க்க நாற்காலி மூன்று, டேப்லெட் மூன்று. இருக்கிற வேலை ஒன்று.

இந்தக் கணக்கையெல்லாம் சென்னியப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதற்குள் முடித்துவிட்டார். புது இடத்துக்குப் போனால் அவருக்கு வாய் வராது, எண்ணிக்கை மட்டும் வரும். அறுபத்தோரு வயதில் கோயமுத்தூரில் ஒரு கேம் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகிறபோது வாய் இல்லாமல் முடியாது. அதற்காகத்தான் வசந்தாமணியைக் கூட்டி வந்தார். கேட்டில் நின்று கூப்பிட ஆள் வேண்டும். "ஏனுங்க, யாருங்க உள்ள, நாங்க திருப்பூர்ல இருந்து வந்திருக்கறமுங்க" என்று அவள் சத்தம் கொடுத்ததும் கதவு திறந்தது. அதோடு அவள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து, பையிலிருக்கிற நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டு, பன்னிரண்டரைக்கு அவரோடு கிளம்பியிருக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் மட்டும் சொன்ன சொல்லுக்கு வந்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். அந்த ஆளை சென்னியப்பன் பார்த்ததில்லை, பேர் தெரியாது, ஆனாலும் அன்று காலை பத்து இருபதிலிருந்து அவர் மேல் ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. "அக்கா, போஸ்ட்மாஸ்டர் சார் வரலைங்க. நீங்க சும்மாதானே இருக்கீங்க, உக்காந்து ஆடுங்களேன்" என்றாள் ஆதிரை. "நானா? எனக்கு என்னங்கம்மிணி தெரியும்? பஸ்ஸுல ஏறத் தெரியும், எறங்கத் தெரியும்" என்றாள் வசந்தாமணி. மூன்று பேரும் சிரித்தார்கள். ஹெட்போன் போட்ட பெண்கூட ஒரு காதை விலக்கிப் பார்த்துச் சிரித்தது. மணி பத்து இருபத்திரண்டு. அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தைந்து, ஆறே வயது வித்தியாசம். அவரை ஐயா என்கிறார்கள், அவளை அக்கா என்கிறார்கள்.

கேம் ஒரு டவுன் பஸ். ஆடுகிறவர்தான் கண்டக்டர். ஸ்டாப்பில் நிற்கிறவர்களை விரலால் தொட்டு ஏற்ற வேண்டும், டிக்கெட் கிழிக்க வேண்டும், ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். ஸ்டாப் ஏழு. ஏழாவது சந்தைப்பேட்டை, அங்கே எல்லோரும் இறங்கிவிட வேண்டும், பிறகு அடுத்த ட்ரிப். போன வருஷம் இதையே கொஞ்சம் முரட்டுத்தனமாக ஒரு வடிவில் போனில் விட்டிருந்தார்கள், அதை மகள் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "சும்மா செவுத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காதீங்கப்பா" என்றாள். அவர் ஆடவில்லை, பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பழைய வேலை திரும்பி வந்தது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் முப்பத்தாறு வருஷம் தைத்து வருகிற பீஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த கண். டிரைவர் கையில் வாட்ச் ஒரு தரம் இடது கை, ஒரு தரம் வலது கை. புளியமரத்து நிழல் காலையிலும் கிழக்கே விழுகிறது. கோடு போட்ட தாளில் நம்பர் போட்டு எழுதினார், நாற்பத்தொன்று வந்தது. வசந்தாமணி அதைப் போட்டோ எடுத்து, கேமின் அடியில் இருந்த நம்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஆடிப் பார்த்துப் பிழை சொல்ல ஒரு ஆள் எடுக்கப் போகிறோம், வந்து ஒரு நாள் உட்காருங்கள் என்று. அன்று ராத்திரி அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். சும்மா உட்கார்ந்த பதினாலு மாதத்துக்குப் பிறகு ஒரு இடத்தில் அவர் கண் வேண்டும் என்கிறார்கள். அவர் கண். அவள் கண் இல்லை. போட்டோ எடுத்தது அவள்தான், அதை அவள் இதுவரை நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறாள், இருக்கட்டும், போட்டோ எடுக்க யாருக்குத்தான் தெரியாது.

சட்டைப் பையில் ஏரோ ஸ்டிக்கர் தாள் இருந்தது. செக்கிங்கில் பீஸில் பிழை கண்டால் அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவார்கள், சரிசெய்கிறவர் தேட வேண்டியதில்லை, அம்பு காட்டுகிற இடத்தைப் பார்த்தால் போதும். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு, நாற்பத்தெட்டு, ஒன்றும் குறையாத தாள். பத்து முப்பதுக்கு ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் ஸ்டாப்பில் கோயில் கொடிமரம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவர் கோடு போட்ட தாளில் மணியும் குறிப்பும் எழுதி, ஒரு அம்பை உரித்து டேப்லெட் கண்ணாடியில் கொடிமரத்துக்கு நேராக ஒட்டினார். பஸ் நகர்ந்தது, கொடிமரம் போய்விட்டது. அம்பு வெறும் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். சரி, பஸ் ட்ரிப் அடித்துத் திரும்ப அதே ஸ்டாப்புக்குத்தானே வரப் போகிறது, வரும்போது அம்புக்கு நேராகக் கொடிமரம் வந்து நிற்கும், அப்போது யார் பார்த்தாலும் தெரியும். அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்தது டீக்கடைப் பெஞ்சுக்கு மூன்று கால், ஒட்டினார். பள்ளிக்கூடச் சுவரில் ஜன்னலுக்குக் கம்பி இல்லை, ஒட்டினார். விசில் சத்தம் விரல் பட்டு ஒரு நொடி கழித்து வருகிறது, சத்தத்துக்கு எங்கே ஒட்டுவது, தாளில் மட்டும் எழுதினார். இப்படியே போய்ப் பதினேழு பிழை, பதினாறு அம்பு. ஒட்டி முடித்தபோது கண்ணாடி முழுக்கச் சிவப்பாக இருந்தது, பஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. பின்னால் யாரோ மூச்சை அடக்குகிற சத்தம். ஜோயல். "ஐயா, இது... படம் ஓடிட்டே இருக்குமுங்க." "தெரியுமுங்க" என்றார் அவர். "பஸ் திரும்பி வருமில்லைங்க?" ஜோயல் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். நல்ல பையன், சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. சென்னியப்பன் பதினாறையும் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து ஸ்டிக்கர் தாளின் முதுகில் ஒட்டினார். ஒரு தரம் ஒட்டி உரித்த அம்பை அவர் மறுபடி கணக்கில் சேர்க்க மாட்டார். மீதி முப்பத்திரண்டு.

காது சுட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து சத்தம் வந்துகொண்டேயிருந்தது. வசந்தாமணி கேம் ஆடுகிறாளா, பஸ்ஸில் போகிறாளா என்று தெரியாத சத்தம். "அட ஏறு சாமி, ஏறு, உன்ற கோழியையும் ஏத்து." "டேய் மொட்டை, அந்தப் பாட்டிக்கு எடம் உடு." "அய்யய்யோ, பள்ளிக்கூடத்துக் கொழந்தைய விட்டுட்டனே, டிரைவரண்ணா நிறுத்துங்க, நிறுத்துங்க!" முபீனா வரைவதை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்து நின்றுவிட்டாள். ஆதிரையும் வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள், கையில் நோட்டு. வசந்தாமணி சொல்வதையெல்லாம் எழுதுகிறாள். அவர் மணி போட்டு எழுதி வைத்த பதினேழை யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அவள் வாயில் வருகிற டேய் மொட்டையை எழுதுகிறார்கள். அந்த மொட்டைத்தலை ஆளுக்கு ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது, அவர் தாளில் ஒன்பதாவது பிழை, அதைக் கேட்க நாதியில்லை. ஷைலஜாவைப் பார்த்தபோது முதலில் அவருக்குப் பயமாக இருந்தது, என்ன வேகம் அந்த விரல், அரை மணிக்குள் ஏழு லெவல். ஆனால் அந்தப் பெண் போனை எடுத்து யாருக்கோ, "சர்டிபிகேட் குடுத்தாப் போதும்டி, நான் எங்க இங்க வேலைக்கு வரப்போறேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. நிம்மதி. ஒரு ஆள் கழிந்தது. மூன்றில் ஒன்று போனால் இரண்டு. இரண்டில் ஒன்று வேலைக்கே வராதது, துணைக்கு வந்தது. அப்படிப் பார்த்தால் வேலை அவருக்குத்தான். அப்படிப் பார்க்க முடியாமல்தான் அடிவயிற்றில் என்னமோ புளித்தது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. கட்டின பெண்டாட்டி நாலு பேர் முன்னால் நன்றாக ஆடுகிறாள் என்று ஒரு மனுஷன் வயிறு எரிவானா. எரிகிறதே.

பதினொன்று பத்தொன்பதுக்குப் பிறகு அவர் தாளில் ஒன்றும் ஏறவில்லை. டேப்லெட் கையில் இருந்தது, விரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது, கண் மட்டும் கழுத்தைத் திருப்பாமல் பக்கத்து டேப்லெட்டுக்குப் போய்விட்டது. அவளிடம் பிழை கண்டுபிடிக்கத்தான் போனது. கேமில் அல்ல, அவளிடம். எப்படி ஆடுகிறாள், சட்டம் என்று ஒன்று இருக்கிறதா அவளுக்கு. மூன்று ஸ்டாப்பில் டிக்கெட்டே கிழிக்கவில்லை. கைக்குழந்தைக்காரியை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். விசில் அடிக்க வேண்டிய இடத்தில் அடிப்பதில்லை, அடிக்கக் கூடாத இடத்தில் நாலு தரம் அடிக்கிறாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும்போதும் இப்படித்தான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அவள் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையிலிருந்து மெஷினுக்கு மாறின புதிதில், அவள் தைத்த பண்டல் ஒன்று அவர் டேபிளுக்கு வந்தது. யார் தைத்தது என்று அவர் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது, பத்தொன்பது அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் சரிசெய்து வந்தபோது உரித்த அம்புகளையும் கூடவே ஒரு அட்டையில் ஒட்டி அனுப்பியிருந்தாள், எண்ணினால் பதினெட்டு. ஒன்று குறைகிறது. டேபிளுக்கு அடியில் குனிந்து தேடினார், பண்டலைப் பிரித்துத் தேடினார். அந்தச் செக்சன் முழுக்க ஏன் சிரிக்கிறது என்று தெரியவில்லை, பஸ்ஸில் ஏன் சிரிக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது அந்தப் பத்தொன்பதாவது அம்பு சட்டையின் முதுகில் இருந்தது. அடுத்த நாள் அவர் அவளிடம் போய், கணக்கு சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதற்கும் அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் கூட நாலு பேர் சிரிப்பார்கள், அது அப்போதிருந்தே. அவர் சொன்னால் கணக்கு மட்டும் சரியாகும்.

ஒன்று. எப்போதும் அந்த ஒன்றில்தான் போய் முட்டுகிறது. போன வருஷம் ஒரு கைக்குழந்தை ஃபிராக்கில் உடைந்த ஊசி முனை இருந்து, வாங்குகிற கம்பெனிக்காரனின் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் மாட்டிக்கொண்டது. பீஸில் ஒட்டியிருந்தது செக்கர் நம்பர் பதினாலு. அவர் நம்பர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பெட்டியில் இருந்தபடியே மாட்டியது. மேனேஜர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அறுபது ஆயிருச்சில்லைங்கண்ணா, ஓய்வெடுங்க என்று சால்வை போட்டு அனுப்பினார். சால்வை போட்டதுதான் தாங்கவில்லை. பிறகு கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொண்டார், இப்போது தெருமுனையில் வருகிற பஸ் நம்பர் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஊசி முனை கண்ணால் தெரியாமல் போனதா, கவனம் போய்ப் போனதா. அன்று எங்கே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை தரம் யோசித்தாலும் அந்தப் பீஸ் ஞாபகம் வருவதில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கையில் புரளும், ஒரு ஃபிராக்குக்கு எங்கே முகம் இருக்கிறது. இந்த நாற்காலி கிடைத்தால் அந்த ஒன்று கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வசந்தாமணிக்கும் தெரியாது. தெரிந்தால் போஸ்ட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டாளோ. இல்லை, உட்கார்ந்திருப்பாள். பாருங்கள் அந்த முகத்தை. புது மெஷினில் முதல் நாள் உட்கார்ந்த முகம் அது. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள்.

அப்போதுதான் தலைகளை எண்ண ஆரம்பித்தார். வேணும் என்று எண்ணவில்லை, கண் பார்த்தால் எண்ணும். அவள் பஸ் ஐந்தாம் ஸ்டாப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மேல் மூலையில் கேமே ஒரு நம்பர் காட்டும், பஸ்ஸில் எத்தனை பேர் என்று. அது இருபத்தாறு என்றது. அவர் எண்ணியதில் இருபத்தேழு. மறுபடி எண்ணினார். டிரைவரைச் சேர்த்துவிட்டோமா, இல்லை. கைக்குழந்தையா, அதற்கு நம்பரே கிடையாது. முன் வாசலிலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் எண்ணினார். இருபத்தேழு. எந்தத் தலை அதிகம். பின் பக்கம், கடைசி சீட்டு, மூலையில் ஒருத்தி, சிவப்புச் சேலை, மடியில் கீரைக்கூடை. அவளை அவருக்குத் தெரியும். மூன்றாம் ஸ்டாப், மில் கேட். அங்கே பஸ் நிறைந்துவிடும், கீரைக்காரியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், சட்டம் அப்படி. அவர் இரண்டு ட்ரிப்பும் விட்டுவிட்டுத்தான் போனார். வசந்தாமணி விடவில்லை. "பாவம், கீரை வாடிப் போகுமுங்க" என்று அவளைப் படியில் ஏற்றினாள், பஸ் கிளம்ப இரண்டு விசில் அடித்தாள், கீரைக்காரியின் மறு கால் உள்ளே வருவதற்குள் பதறிப்போய் நிற்க ஒரு விசில் அடித்தாள். ஏறினாளா ஏறவில்லையா என்று கேமுக்கே குழப்பம். உட்கார இடம் கொடுத்துவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை. ஆறாம் ஸ்டாப்பும் போனது. அடுத்தது சந்தைப்பேட்டை. எல்லோரும் இறங்கினார்கள், மொட்டை, பாட்டி, கோழிக்காரன், இறங்க இறங்க நம்பர் குறைந்து பூஜ்யம் ஆனது. பூஜ்யம் என்று பச்சையில் எழுதிக் காட்டியது. வசந்தாமணி கை தட்டினாள். பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் கீரைக்காரி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் நம்பரைப் பார்த்தார்கள்.

"டீ போடட்டுங்களா அக்கா?" என்றாள் முபீனா. "நீ எதுக்குப் போடற, நகரு, நான் போடறேன்" என்று வசந்தாமணி அவளோடு சமையலறைக்குப் போனாள். டேப்லெட்டை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். பஸ் சந்தைப்பேட்டையில் நின்றது நின்றபடி இருந்தது. சென்னியப்பன் தன் தாளைப் பார்த்தார். பதினெட்டு என்று நம்பர் போட்டு இதை எழுதினால் அவருடையது. யார் கேட்கப் போகிறார்கள். அவளுக்கே தெரியாது, அவள் பார்க்கவில்லை. அவள் இழுத்தாள், நூல் விட்டது, அதைப் பார்த்தது யார். மெஷினில் தைத்தவளுக்கா பிழையைக் கண்டுபிடித்த பேர், டேபிளில் பார்த்தவனுக்கா. டேபிளில் பார்த்தவனுக்குத்தான், உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் எழுதினால் மணி போட வேண்டும். பதினொன்று நாற்பத்தெட்டு. அதற்கு மேலே இருப்பது பதினொன்று பத்தொன்பது. நடுவில் வெள்ளையாக இருக்கிறது. பேசாமல் விட்டுவிட்டால். விட்டுவிட்டால் அவள் வெறும் வாயாடி, அவர் பதினேழு பிழை கண்டவர், நாற்காலி அவருக்கு. கீரைக்காரி உட்கார்ந்தே இருப்பாள், ட்ரிப்புக்கு ட்ரிப், சந்தைக்கும் மில் கேட்டுக்கும், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கச் சொல்ல ஆளில்லாமல். கேம் வெளியே போனபிறகு யாரோ ஒருவன் பார்ப்பான். அப்போது செக்கர் நம்பர் என்னவென்று கேட்பார்கள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒரு அம்பை உரித்தார். பஸ் ஓடவில்லை, கீரைக்காரியும் நகரப் போவதில்லை, இந்த ஒரு இடத்தில்தான் அம்பு சரியாக நிற்கும். அவள் தலைக்கு நேராக ஒட்டினார். மீதி முப்பத்தொன்று. "தம்பி" என்றார். ஜோயல் திரும்பவில்லை. மறுபடி, "தம்பி, இருபத்தேழு பேர் ஏறுனாங்க. இருபத்தாறு பேர்தான் எறங்கியிருக்கறாங்க."

ஜோயல் வந்து குனிந்து பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை. பிறகு, "அக்கா! ஓடி வாங்க" என்று ஆதிரையைக் கூப்பிட்டான். ஆதிரை அவர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஐயா, நீங்களா பார்த்தீங்க? இது அவங்க டேப்லெட்டாச்சே." "அம்மிணி, அவ ஆட்டத்துலதானுங்க வந்துச்சு." "உங்க தாள்ல பதினொன்னு பத்தொன்பதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே. இந்த அரை மணி நேரம் என்ன பண்ணுனீங்க?" "இருபத்தொம்பது நிமிஷமுங்க" என்றார். "சரிங்கய்யா, இருபத்தொம்பது நிமிஷம்." "அவ ஆடறதைப் பார்த்துட்டிருந்தனுங்க." டீத் தட்டோடு வாசற்படியில் வந்து நின்ற வசந்தாமணி, "எதுக்குங்க?" என்றாள். எதுக்கு என்று சொல்வது. "இது தெரியாதாக்கா, லவ்வுதான்" என்றாள் முபீனா. வீடே அதிர்ந்தது. "ஆமா, இந்த வயசுல!" என்று வசந்தாமணி தட்டை ஆட்டிவிட்டாள், டீ ஒரு டம்ளரில் கொஞ்சம் சிந்தியது. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னொரு தரம் வரவழைக்க முடியுமா என்று ஜோயல் கேட்டான். அவனே ஆடிப் பார்த்தான், வரவில்லை. ஆதிரை ஆடினாள், வரவில்லை. அவர்கள் எழுதியவர்கள், விசிலை எங்கே அடிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துபோய்விட்டது. வசந்தாமணி உட்கார்ந்தாள். "ஏனுங்க, நான் என்ன பண்ணுனேன்?" என்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னார். கூடை படிமேல இருக்கறப்ப ரெண்டு விசில், ரெண்டாவது காலைத் தூக்கறப்ப ஒண்ணு. அவள் அடித்தாள். கீரைக்காரி போய் மூலையில் உட்கார்ந்தாள், நம்பர் நகரவில்லை. "வந்துருச்சு!" ஜோயல் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். "நான் வரைஞ்சப்பவே நெனச்சேன், இந்தம்மா லேசுல எறங்காதுன்னு" என்றாள் முபீனா. எல்லோரும் கை தட்டினார்கள். வசந்தாமணியின் நாற்காலியைச் சுற்றி நின்று தட்டினார்கள். அவருக்கு மறுபடியும் புளித்தது. சொன்னது அவர், சொன்ன நொடியில்கூடப் புளித்தது.

ஆதிரை அவரைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிப் போய்ப் பேசினாள். தனியாகக் கூப்பிடும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, சால்வை போடும்போதும் இப்படித்தான் முன்னால் தனியாகக் கூப்பிட்டார்கள். "ஐயா, உங்க பதினேழுல பதினஞ்சு எங்களுக்கே தெரியுமுங்க, சரி பண்ண நேரமில்லாம விட்டிருக்கோம். ரெண்டு புதுசு. தப்பா எடுத்துக்காதீங்க. ஒழுங்கா ஆடறதுக்கு இங்கயே மூணு பேர் இருக்கோம். நாங்க நெனைக்காத மாதிரி ஆடற கைதான் எங்களுக்கு இல்லை." அவர் தலையாட்டினார். "தலை எண்ணுனது..." என்று ஆரம்பித்தார். "அது பெரிய விஷயமுங்க. இனிமே கம்ப்யூட்டரே தலையை எண்ணிப் பார்க்கற மாதிரி ஜோயல் எழுதிடுவான். நாளைக்கே முடிச்சிடுவான்." நாளைக்கே. முப்பத்தாறு வருஷம் பழகின கண்ணை அந்தப் பையன் நாளைக்கே எழுதி முடித்துவிடுவான். அவர் ஜன்னல் கம்பிகளை எண்ணினார், ஒன்பது. வேலைக்கு வரச் சொல்லி வசந்தாமணியிடம் ஆதிரை போய்க் கேட்டபோது அவள், "நானா?" என்றாள். இந்தத் தரம் அதில் விளையாட்டு இல்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்வாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காதோரத்து நரைமுடியைப் பார்த்தார். "போகட்டுங்களா?" என்றாள். அந்த வார்த்தையை அவள் சன்னமாகச் சொன்னாள், அவள் வாயில் அவ்வளவு சன்னமாக ஒன்றை அவர் கேட்டதில்லை. வெளியே படியில் பூனை எழுந்து நின்று முதுகை வளைத்துவிட்டு மறுபடி படுத்தது. "எட்டு பத்துக்கு ரயில்" என்றார். "ஏழு நாப்பதுக்காவது ஊட்டை விட்டுக் கெளம்போணும்."

மாடிப்படி இருபத்திரண்டு. ஏறும்போது எண்ணியது. வசந்தாமணி முன்னால் இறங்கினாள், அவர் இரண்டு படி பின்னால். மேலே கதவருகே நின்று ஆதிரை, "அக்கா, திங்கக்கிழமை வர்றப்ப அந்தச் சிவப்பு ஏரோவையும் கொண்டு வாங்க, நல்லா இருக்கு, நாங்களும் யூஸ் பண்ணிக்கறோம்" என்றாள். "கொண்டுட்டு வர்றேனுங்க அம்மிணி!" என்றாள் அவள், யாருடையது என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல். எட்டாவது படியில் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். "அந்தத் தாளைக் குடுங்க, பையில வச்சுக்கறேன். நீங்க எங்காச்சும் வச்சிருவீங்க." அவர் எங்கேயும் எதையும் வைத்து மறந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மாம்பழ மஞ்சள் ரவிக்கை, அவர் எடுத்துக் கொடுத்ததுதான், முதுகில் இரண்டு தையலுக்கு நடுவே நல்ல இடம் இருந்தது. ஒரு அம்பை நகத்தால் உரித்தார். அதை ஒட்டுவதற்கு நெஞ்சில் எவ்வளவு புளிப்பு வேண்டுமோ அவ்வளவு இருந்தது, அதற்கு அடியில் வேறு என்னமோவும் இருந்தது, அதற்கு அவரிடம் எண்ணிக்கை இல்லை. மெதுவாக, இஸ்திரி போட்ட பீஸில் ஒட்டுவது போலச் சுருக்கமில்லாமல், கழுத்தைக் காட்டும்படி ஒட்டினார்.

"முதுகுல என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நூல் ஒட்டியிருந்துச்சு."

"எத்தனை இருக்குது தாள்ல?"

படியில் நின்று, வரிசை வரிசையாக விரல் வைத்து, அவர் மறுபடி ஒரு தரம் எண்ணிப் பார்த்தார்.

"முப்பது."